பத்து நிமிடம்: ‘றோஜர் அக்றொயிட் கொலை’ பற்றிய வாசகர் கட்சிகள்

நம் கல்லூரி நூல்நிலையத்தில் ஆங்கிலத் துப்பறியும் நவீனங்களுக்கென ஓர் அலுமாரி முன்னர் இருந்தது. அதிலிருந்த நூல்களுள் கைமாறிக் கைமாறி முதுகுக்கட்டுக் கழன்றுபோன ஒன்று, அகதா கிறிஸ்ரி இயற்றிய ‘றோஜர் அக்றொயிட் கொலை’ என்பது. யான் அதனை முதன்முறை விடுதிக்கு எடுத்துச்சென்று விரித்தபோது, எனக்கு முன் படித்த குறும்பன் எவனோ முதற் பக்கத்து ஓரத்திற் கொலைஞன் பெயரைப் பென்சிலால் எழுதிவைத்திருந்தமை கண்டேன். கண்டு சினந்தேனல்லேன், நகைத்தேன். கதையைச் சொல்லிச் செல்லும் டொக்டருடைய பெயரே அங்கு எழுதப்பட்டிருந்தது. கதை சொல்பவர் எங்ஙனம் கொலைஞராவார்? நம்மை ஏய்த்தற்குப் பொய் எழுதினான் எனக் கொண்டு, இறுதிவரை வேறொருவரைத் தேடிக்கொண்டே படித்தேன். இறுதியிற் பென்சில் எழுத்தே மெய்யாயிற்று.

உண்மையை முதற் பக்கத்திலேயே கண்ணாற் கண்ட ஒருவன் அதனை நம்ப மறுத்தது ஏன்? இவ்வினாவே இந்நூலைப் பற்றி எழுந்த வாதங்களுக்கெல்லாம் வேர். 1926ஆம் ஆண்டில் வெளிவந்த நாள் தொட்டு இந்நூல் வாசகரைப் பல கட்சியினராகப் பிரித்து வந்திருக்கிறது. அக்கட்சிகளை எடுத்துரைத்து ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். கதையின் முடிவை மறைத்து அவ்வாராய்ச்சியைச் செய்தல் இயலாது. ஆதலின், நூலை இன்னும் படியாத மாணவர் இவ்விடத்தில் நிறுத்தி, நூலைப் படித்தபின் மீள்வாராக.

1. நூலும் கதையும்

அகதா கிறிஸ்ரி 1890இல் இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள ரோர்க்கி என்னும் கடற்கரைப் பட்டினத்திற் பிறந்தார். முதல் உலகப் போர்க்காலத்தில் அங்கு வைத்தியசாலையின் மருந்துச்சாலையிற் பணியாற்றி நச்சு மருந்துகளின் இயல்பை அறிந்தார். அவ்வறிவு பின்னர் அவர்தம் நவீனங்களுக்குப் பெரிதும் பயன்பட்டது. எர்க்கியூல் பொயிரோ என்னும் பெல்ஜியத் துப்பறிவாளர் தோன்றும் முதல் நவீனம் 1920இல் வெளிவந்தது. நாம் எடுத்துக்கொண்ட நூல் 1925இல் இலண்டன் மாலைப் பத்திரிகை ஒன்றில் தொடராக வந்து, அடுத்த ஆண்டு கொலின்ஸ் பதிப்பகத்தாரால் நூலுருப் பெற்றது. 1928இல் அது நாடகமாக மேடையேறியபோது சாள்ஸ் லோட்டன் பொயிரோவாக நடித்தார். 1931இற் படமாகவும் வெளிவந்தது.

கதை நிகழும் இடம் கிங்ஸ் அபற் என்னும் சிற்றூர். கணவனை நஞ்சூட்டிக் கொன்ற பெரேர்ஸ் என்னும் கைம்பெண், அம்மறைவை அறிந்த ஒருவன் மிரட்டிப் பணம் பறித்து வந்தமையால் மனமுடைந்து, வெரொனால் என்னும் தூக்க மருந்தை மிகையாக உண்டு இறக்கிறாள். இறக்கு முன் தன்னைத் துன்புறுத்தியவன் பெயரை எழுதி, தன்னை மணக்கவிருந்த செல்வர் றோஜர் அக்றொயிட்டுக்குக் கடிதம் விடுக்கிறாள். அக்கடிதம் வந்த இரவே அக்றொயிட் தமது வாசிப்பறையிற் கத்தியாற் குத்துண்டு இறந்து கிடக்கிறார், கடிதம் காணாமற்போகிறது. அவருடைய வளர்ப்பு மகன்மேல் ஐயம் விழுகிறது. ஓய்வுபெற்று அவ்வூரிற் பூசணி வளர்த்துக்கொண்டிருந்த பொயிரோ விசாரணையை மேற்கொள்கிறார். அவருக்கு உடனிருந்து உதவி, நிகழ்ந்தவற்றை எழுதி வருபவர் அயல்வீட்டு டொக்டர் செப்பேட். பணம் பறித்தவரும் அவரே, கொன்றவரும் அவரே.

2. வழக்கு எழுந்த இடம்

வாதமெல்லாம் ஒரு சிறிய பகுதியைச் சுற்றியே நிகழ்கிறது. கடிதம் எட்டு மணி நாற்பது நிமிடத்துக்கு வந்தது என டொக்டர் எழுதுகிறார். அதனை உடனே படித்துவிடுமாறு தாம் அக்றொயிட்டை வற்புறுத்தியதாகவும், வற்புறுத்த வற்புறுத்த மறுக்கும் இயல்பினர் ஆதலின் அவர் இணங்கவில்லை என்றும் கூறுகிறார். எட்டு மணி ஐம்பது நிமிடத்துக்குத் தாம் புறப்பட்டபோது கடிதம் படிக்கப்படாமலே இருந்தது என்றும், கதவின் பிடியிற் கைவைத்துத் திரும்பிப் பார்த்துத் தாம் செய்யாது விட்டது ஏதேனும் உண்டோ என எண்ணியதாகவும் எழுதிச் செல்கிறார். இவற்றுள் ஒரு சொல்லேனும் பொய்யன்று. நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட பத்து நிமிடத்திற் கொலை நிகழ்ந்தது என்பது மட்டும் சொல்லப்படவில்லை.

பிணம் கண்டெடுக்கப்பட்ட இடத்தும் இத்தகைய சொல்லாட்சியே வருகிறது. வேலைக்காரர் பொலிசாரைத் தொலைபேசியில் அழைக்கச் சென்ற இடைவேளையில், செய்யவேண்டிய சிறிதளவைத் தாம் செய்ததாக டொக்டர் எழுதுகிறார். முதன்முறை படிப்போர் அதனை வைத்தியர் ஒருவர் செய்யும் வழக்கமான பரிசோதனை என்றே கொள்வர். அவர் செய்ததோ, இறந்தவர் குரலை இறந்தபின் ஒலிப்பித்த ஒலிப்பதிவுக் கருவியைத் தம் பையில் மறைத்தலும், அதனை மறைத்து நின்ற நாற்காலியைப் பழைய இடத்துக்குத் தள்ளுதலுமாம்.

இனி, இதனைப் பற்றி எழுந்த கட்சிகளைக் காண்போம்.

3. முதற் கட்சி: இது வஞ்சனை

துப்பறியும் நவீனம் ஆசிரியருக்கும் வாசகருக்குமிடையே நிகழும் ஒரு விளையாட்டு. விளையாட்டுக்கு விதி வேண்டும். கதை சொல்பவரை நம்பலாம் என்பது சொல்லாமலே ஒப்புக்கொள்ளப்பட்ட விதி. அதனை மீறியவர் வென்றவரல்லர், ஏய்த்தவரே. இதுவே முதற் கட்சியினர் வாதம். வான் டைன் என்னும் புனைபெயருடைய அமெரிக்க எழுத்தாளர் இந்நூலின் உத்தி முறையானதன்று என 1927இல் எழுதினார். 1928இல் அவர் வெளியிட்ட இருபது விதிகளுள் ஒன்று, கொலைஞன் துப்பறிவாளனுக்குச் செய்யும் வஞ்சனையன்றி வேறு வஞ்சனையை ஆசிரியர் வாசகருக்குச் செய்யலாகாது என்பது.

1929இல் றொனால்ட் நொக்ஸ் என்னும் கத்தோலிக்க குருவானவர் பத்து விதிகளை வகுத்தார். எவருடைய எண்ணங்களைப் பின்தொடர வாசகர் அனுமதிக்கப்பட்டனரோ அவர் குற்றவாளியாதல் கூடாது என்பது அவற்றுள் முதலாவதன் பிற்பகுதி. ஆயினும் கிறிஸ்ரியின் வியத்தகு செயல்களை நோக்குமிடத்து இவ்விதியைத் திட்டமாக வகுத்தல் அரிது என்றும் அவரே ஒப்புக்கொண்டார். விதி வகுத்தவரே விதிவிலக்குக்கு வணக்கம் செலுத்தியமை இவ்வழக்கிற் கருதத்தக்கது.

4. இரண்டாம் கட்சி: இது நேர்மையே

இக்கட்சியின் தலைசிறந்த வழக்கறிஞர் டொறதி சேயர்ஸ் என்னும் பெண் எழுத்தாளர். தாமும் துப்பறியும் நவீனங்கள் இயற்றியவர். எல்லாரையும் ஐயுறுதல் வாசகர் கடன். அவ்வாறு ஐயுறாமல் ஒருவரை மட்டும் விலக்கிவைத்தது வாசகர் பிழையேயன்றி ஆசிரியர் பிழையன்று என்பது அவர் கருத்து. கிறிஸ்ரியும், இறந்தபின் 1977இல் வெளிவந்த தம் வரலாற்றில், கவனமாகப் படிப்போர் இக்குற்றச்சாட்டுப் பொருந்தாமையை உணர்வர் என எழுதினார். கொலைஞர் துணைவராகவே இருத்தல் வேண்டும் என்னும் எண்ணத்தைத் தம் மைத்துனர் ஜேம்ஸ் வாட்ஸ் விளையாட்டாகக் கூறினார் என்றும், மவுண்ட்பேட்டன் பிரபுவும் அத்தகைய யோசனையைக் கடிதமூலம் விடுத்தார் என்றும் அவர் கூறுகிறார். இவ்வுத்தி முற்றிலும் புதியதுமன்று. ருஷ்ய ஆசிரியர் செக்கோவ் 1884, 1885ஆம் ஆண்டுகளில் தொடராக எழுதிய வேட்டைக் கதையிலும் கதை சொல்பவனே கொலைஞன்.

பின்னாளில் இக்கட்சியே பெருகிற்று. பிரித்தானியக் குற்றக்கதை எழுத்தாளர் சங்கத்தார் தமது அறுபதாண்டு நிறைவையொட்டி 2013இல் நடத்திய வாக்கெடுப்பில், இந்நூலையே தம் துறையின் தலைசிறந்த நவீனமாகத் தெரிந்தெடுத்தனர்.

5. மூன்றாம் கட்சி: இவ்வாதமே வீண்

அமெரிக்கத் திறனாய்வாளர் எட்மண்ட் வில்சன் 1944இல் ‘நியூ யோர்க்கர்’ இதழில், மக்கள் ஏன் துப்பறியும் கதை படிக்கின்றனர் என வினவி ஒரு கட்டுரை எழுதினார். வாசகர் பலர் சினந்து கடிதம் விடுத்தனர். தாம் தெரிந்த நல்ல நூல்களின் பெயரைக் கூறி அவற்றைப் படிக்குமாறு வேண்டினர். அவரும் படித்துப் பார்த்து, 1945 ஜனவரியில் மறுமொழி எழுதினார். றோஜர் அக்றொயிட்டை யார் கொன்றால்தான் என்ன என்பது அம்மறுமொழியின் தலைப்பு. இத்தகைய நூல்களிற் பாத்திரங்கள் மரப்பாவைகள். நடை வெறும் பதர். இவற்றைப் படித்தல் புகைபிடித்தலுக்கும் குறுக்கெழுத்துப் புதிருக்கும் இடைப்பட்ட ஒரு பழக்கமே என்பது அவர் முடிபு. அவர் தலைப்பிலே பெயரெடுத்தாண்ட நவீனத்தை அக்கட்டுரையில் ஆராயவில்லை என்பதையும் மாணவர் குறித்துக்கொள்க.

6. நான்காம் கட்சி: கொலைஞர் டொக்டரல்லர்

1998இற் பாரிசு நகரத்து இலக்கியப் பேராசிரியரும் உளப்பகுப்பாய்வாளருமாகிய பியெர் பயார், வியத்தகு நூலொன்றை வெளியிட்டார். பொயிரோவின் முடிபு பிழை; டொக்டருடைய தமக்கை கரலைனே கொலைஞர்; அவளைக் காக்கவே தம்பி பழியை ஏற்று மாண்டான் என்பது அவர் கட்சி. ஊர் நிகழ்ச்சி அனைத்தையும் வீட்டிலிருந்தவாறே அறியும் இக்கரலைனிலிருந்தே பின்னர் மிஸ் மார்ப்பிள் என்னும் முதிய துப்பறிவாளர் பிறந்தார் எனக் கிறிஸ்ரி கருதியதை நினைவுகூர்ந்தால், பயாருடைய துணிவு இன்னும் சுவை தரும். ஒருவர் சொல்லை நம்ப இயலாதென நிறுவிய பின்னர், அவருடைய குற்ற ஒப்புதலை மட்டும் நம்புவது எங்ஙனம் என அவர் வினவுகிறார். வினா எளிதிற் புறந்தள்ளத் தக்கதன்று.

7. ஆராய்ச்சி

நாற்கட்சியினரும் ஒரே நூலைப் படித்தவரே. அவர் வேறுபட்டது சுவையில் மட்டுமன்று; நூலை அளந்த கோலில். முதற் கட்சியினர் அதனை விளையாட்டென அளந்தனர். இரண்டாங் கட்சியினர் சொல்லின் மெய்ம்மையால் அளந்தனர். மூன்றாங் கட்சியினர் பேரிலக்கியத்தோடு ஒப்பிட்டனர். நான்காங் கட்சியினர் சான்றாராய்ச்சியால் அளந்தனர். ஆகவே எவர் சரி என வினவுமுன், எந்தக் கோல் இந்நூலுக்குப் பொருந்தும் என வினவுதல் வேண்டும்.

நன்னூலார் தொகுத்த நூற்குற்றம் பத்தனுள் குன்றக்கூறல், மயங்கவைத்தல் என்னும் இரண்டும் இவ்வழக்கிலே நினைக்கத்தக்கன. பொருளை உணர்தற்கு வேண்டியதினுங் குறையச் சொல்லுதல் குன்றக்கூறல். கிறிஸ்ரி அக்குற்றம் புரிந்தாரா? நேரக் கணக்கு உண்டு. இடம் மாறிய நாற்காலி உண்டு. ஒலிப்பதிவுக் கருவி விற்கும் நிறுவனத்தான் வந்துசென்ற செய்தி உண்டு. மூடிய கதவினூடாகக் கேட்ட பேச்சு உரையாடல் போலன்றிக் கடிதம் எழுதுவிப்பது போன்றிருந்தமையும் உண்டு. வேண்டியன யாவும் வாசகர் முன் வைக்கப்பட்டன. ஆகவே அக்குற்றம் இல்லை.

மயங்கவைத்தலோ, உண்டு. ஆயின் இலக்கண நூலுக்குக் குற்றமாவது எல்லா நூலுக்கும் குற்றமாகாது. காளமேகப் புலவர் ஒரே சொற்றொடரில் இரு பொருள் வைத்தபோது அதனை யாரும் மயக்கமென இகழ்ந்திலர், சிலேடையெனப் போற்றினர். செய்யாது விட்டது ஏதேனும் உண்டோ என்னும் டொக்டரின் எண்ணமும் ஒரு சிலேடையே. முதன்முறை படிப்போர்க்கு அது கவலைமிக்க நண்பனின் தயக்கம்; மறுமுறை படிப்போர்க்கு அது தடயம் விட்டோமோ என நோக்கும் கொலைஞனின் எச்சரிக்கை. இரண்டும் அச்சொற்களுக்கே உரிய பொருள்கள். ஒன்றும் வலிந்து கொண்டதன்று.

ஆயினும் முதற் கட்சியினர் இங்கு ஒரு தடை எழுப்புவர்: தம் எண்ணங்களைச் சொல்லி வரும் ஒருவர் தலையாய எண்ணத்தை மட்டும் மறைத்தல் இயல்போ? அஃது ஆசிரியரின் சூழ்ச்சியன்றோ? இத்தடை வலியது. இதற்கு விடை நூலின் இறுதி அதிகாரத்தில் உள்ளது. பொயிரோ தோல்வியுற்ற வழக்கொன்றின் வரலாறாகவே தாம் இதனை எழுதத் தொடங்கியதாக டொக்டர் அங்கு கூறுகிறார். அஃதாவது, அவர் எழுதியது தம் நெஞ்சோடு பேசிய நாட்குறிப்பன்று. ஊரார் படித்தற்கென எழுதிய நூல். பிறர் காண எழுதும் கொலைஞன் தன் செயலை மறைத்தல் இயற்கை. ஆகவே அம்மௌனம் ஆசிரியர் வெளியிலிருந்து திணித்த உத்தியன்று. பாத்திரத்தின் தேவையிலிருந்து பிறந்தது. தாம் எழுதிய பகுதியைப் பொயிரோவிடமே படிக்கக் கொடுக்கிறார் அவர். எழுதியவரின் அடக்கத்தைப் பொயிரோ பாராட்டும் இடம், மறுமுறை படிப்போர்க்கு நடுக்கந் தருவது.

அங்ஙனமாயின் நாம் ஏன் ஏமாந்தோம்? 1887இல் கொனன் டொயில் டொக்டர் வாட்சனைப் படைத்த நாள் முதல், துப்பறிவாளரின் அருகில் நின்று கதை சொல்பவர் நேர்மையர், சற்றே மந்தர், நம்மைப் போன்றவர் என்னும் வழக்கு நிலைபெற்றது. பொயிரோவுக்கும் ஹேஸ்ரிங்ஸ் என்னும் அத்தகைய நண்பர் இருந்தார். கிறிஸ்ரி முன்னைய நவீனமொன்றின் முடிவில் அவரை ஆர்ஜென்ரீனாவுக்கு அனுப்பிவிட்டார். இந்நூலில் அந்த வெற்று நாற்காலியில் டொக்டர் செப்பேட் அமர்கிறார். அமர்ந்தவர் யார் என நாம் நோக்கவில்லை, நாற்காலியையே வணங்கினோம். அவர் வைத்தியர், ஊரார் மதிப்பவர், அடக்கமாகப் பேசுபவர் என்பனவெல்லாம் நம் நம்பிக்கையை உறுதிசெய்தன. பென்சில் எழுத்தை யான் நம்ப மறுத்ததும் இதனாலேயே. என்னை ஏய்த்தது கிறிஸ்ரியின் சொல்லன்று, என் வழக்கம்.

ஆசிரியர் நேர்மையுடையார் என இங்ஙனம் நிறுவினோம். இதனாற் டொக்டரும் நேர்மையுடையார் ஆவரோ? ஆகார். வழக்குமன்றத்திற் சாட்சி சொல்பவர் உண்மையை மட்டுமன்றி முழு உண்மையையும் சொல்வதாகவே ஆணையிடுகின்றனர். வள்ளுவரும் வாய்மையைச் சொல்லின் உண்மையால் மட்டும் அளந்தாரல்லர். அதனாற் பிறர்க்குத் தீமை விளையாமையையும் சேர்த்தே அளந்தார். டொக்டரின் சொற்கள் யாவும் உண்மையாயிருந்தும், குற்றமற்ற இளைஞன் ஒருவன் தூக்குமேடையை நோக்கித் தள்ளப்பட்டான். பொய்யொன்றும் சொல்லாமலே பொய்யனாக வாழ இயலும் என்பதே இக்கதை காட்டும் பேருண்மை. ஆசிரியரின் நேர்மையையும் கதை சொல்பவரின் நேர்மையையும் ஒன்றெனக் கொண்டமையே முதலிரு கட்சியினரும் முடிவின்றி வாதிட்டமைக்குக் காரணம் என்க.

வில்சனின் கட்சிக்கு வருவோம். முடிவு தெரிந்தபின் மறுமுறை படிக்க இயலாத நூல் வெறும் புதிர் என்பதை நாமும் ஒப்புவோம். அத்தகைய நூல்கள் பல்லாயிரம்; தமிழிலும் குறைவின்று. ஆயின் இந்நூலுக்கு அக்கோல் பொருந்தாது. யான் மும்முறை படித்தேன். முதன்முறை கொலைஞனைத் தேடினேன்; இரண்டாம் முறை சிலேடைகளைத் தேடினேன்; மூன்றாம் முறை ஒன்றையும் தேடவில்லை. பணமுதலீடுகளில் இழப்புற்றுச் சிறுகச் சிறுகத் தவறிய ஒரு மனிதர், ஊரனைத்தையும் அறியும் தமக்கை தம்மை மட்டும் அறியாதிருக்க வேண்டுமென அஞ்சி வாழும் அவலமே கண்ணிற் பட்டது. தமக்கையின் பொருட்டே, வழக்குமன்றம் செல்லாமல் வெரொனாலைக் கையிலெடுக்கும் வழியைப் பொயிரோ அவருக்குக் காட்டுகிறார். தாம் எம்மருந்தால் மாண்டவளை வாட்டினாரோ அம்மருந்தே அவருக்கும் முடிவாகிறது. மரப்பாவைக்கு இத்தகைய முடிவு அமையாது.

பயாருடைய கட்சி கூர்மையானது. ஆயினும் யான் அதனை ஏற்கவில்லை. ஒரு சான்றை ஐயுறும் உரிமை நமக்கு உண்டு. அதனினும் மெலிந்த சான்றின்மேல் வேறொருவரைக் குற்றவாளியாக்கும் உரிமை இல்லை. டொக்டரின் ஒப்புதல் நேரக் கணக்கோடும் நாற்காலியோடும் கருவியோடும் பொருந்துகிறது. கரலைன்மேல் ஏற்றும் குற்றம் நூலில் எழுதப்படாத இடங்களிலேயே தங்குகிறது. எனினும், துப்பறிவாளரின் முடிபையும் கேள்வியின்றி ஏற்கலாகாது எனக் கற்பித்தமைக்கு நாம் அவருக்குக் கடப்பாடுடையோம்.

8. மாணவர்க்கு

இந்நூலை வகுப்பிலோ மன்றத்திலோ ஆராயப் புகுவோர் மூன்று பயிற்சிகளை மேற்கொள்ளலாம். முதலாவது, கதை சொல்பவர் நேரங் குறிக்கும் இடங்களையெல்லாம் நிரல்படுத்தி, கணக்கில் வராத நிமிடங்களைக் காண்க. இரண்டாவது, இருபொருள் தரும் வாக்கியங்களைத் தொகுத்து, ஒவ்வொன்றும் இருபொருளிலும் மெய்யாதல் உண்டோ எனச் சோதிக்க. ஒரு வாக்கியமேனும் தெளிந்த பொய்யாகக் காணப்படின், முதற் கட்சியினர் வென்றனர். மூன்றாவது, கரலைன் கூறுவனவற்றை மட்டும் தனியே படிக்க. பயாருக்கு விடையோ துணையோ அங்கே கிடைக்கும்.

செய்தித்தாளும் வரலாறும் அறிக்கையும் படிக்கும்போதும் இப்பயிற்சி உதவும். எழுதப்பட்டவை யாவும் உண்மையாயிருந்தும், இடையிற் பத்து நிமிடம் விடுபட்டிருத்தல் கூடும்.

நூல்நிலையப் பிரதியைத் திருப்பிக் கொடுக்குமுன் யான் அப்பென்சில் எழுத்தை அழித்துவிட்டேன். எனக்குக் கேடு செய்யாத அவ்வெழுத்து, எனக்குப் பின் வருபவர் ஒருவர் அதனை நம்பிவிடின் அவர்க்குக் கேடாகும் என்று எண்ணினேன். இன்று இக்கட்டுரையில் அதனை மீண்டும் எழுதிவிட்டேன். முதலிற் கூறிய எச்சரிக்கையைக் கடந்து வந்தவர் என்மேற் குறைகூறார் என நம்புகிறேன்.